வாப்பாவுக்கு எடுத்து வைத்தது

செப்டம்பர் 8, திங்கள்

கொம்பியூட்டர் இன்றைக்கும் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரி வந்தது. வழக்கம்போல ‘எஃப் வன்’ பொத்தானைத் தட்டினேன். நீலத் திரை ஒன்று மின்னி மறைந்தது. பிறகு ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ வந்து, தன்னைத் தானே திருத்தப் போவதாகச் சொன்னது. குசினிக்குப் போய் மீனைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால், திருத்த முடியவில்லையாம். முடியாதென்றால் முதலே சொல்லித் தொலைப்பதற்கென்ன?

‘சிஸ்டம் ரீஸ்டோர்’ போட்டுப் பார்த்தேன். எந்தத் தேதிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டது. எவ்வளவு மரியாதையான கேள்வி! ஜூலை மாதத்து நாளொன்றைக் கொடுத்தேன். நெடுநேரம் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டு, அதுவும் சரிவரவில்லை என்றது.

ஒரு மாதமாக இதே கூத்து.

செப்டம்பர் 10

டியூஷன் மாஸ்டர் போன் எடுத்தார். பரீட்சைத் தாள் டைப் பண்ண ஏலாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அது போனால் போகட்டும். என் கவலை அதுவல்ல. அந்தப் பெட்டிக்குள் ‘வாப்பாவுக்கு’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது.

நளீர் கத்தாருக்குப் போனபோது எங்கள் மகள் றுக்ஸானாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசுகூட இல்லை. அவர் அனுப்பிய காசில் வாங்கியதுதான் இந்தக் கொம்பியூட்டர். அப்போது படத்தோடு கதைப்பதென்றால் இது ஒன்றுதான் வழி. கதைத்து முடிந்ததும் றுக்ஸானா கெமராவை விட்டு எழும்பமாட்டாள். வாப்பாவிடம் சொல்ல மறந்ததையெல்லாம் சொல்வாள். நான் அதைப் பதிந்து வைப்பேன். எங்களூர் இண்டர்நெட்டில் அதை அனுப்புவதற்குள் விடிந்துவிடும். அதனால் அனுப்பவில்லை, சேர்த்து வைத்தேன்.

லீவில் வந்தபோது காட்டியிருக்கலாம்தான். ஆனால் லீவென்றால் வீடு நிறைய ஆட்கள், விருந்து, பெட்டி பிரிப்பது, திரும்பப் பெட்டி கட்டுவது. “மொத்தமா வந்து, ஆறுதலா இருந்து எல்லாத்தையும் பாப்பம் புள்ள” என்பார் அவர். இப்போது வேலையை விட்டு மொத்தமாக வந்து ஒரு மாதமாகிறது. பெட்டி திறக்குதில்லை.

செப்டம்பர் 13, சனி

றுக்ஸானா சம்மாந்துறையில் இருந்து மருமகனோடு வந்து போனாள். வாப்பாவிடம் அவள் கதைப்பது விருந்தாளி கதைப்பது மாதிரி. “சுகமா வாப்பா?” “ஓம் மகள், அல்ஹம்துலில்லாஹ்.” அவ்வளவுதான். பிறகு அவள் குசினிக்குள் வந்து என்னோடு கதைக்கிறாள், அவர் ஹோலில் இருந்து டீவியோடு கதைக்கிறார். போகும்போது அவள் கையில் ஒரு பெரிய சொக்லேட் பெட்டியைக் கொடுத்தார். அவள் இனிப்பை விட்டு எத்தனை வருஷம்! பிள்ளை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

எனக்குக் கோபமாக வருகிறது. யாரோடு கோபிப்பது? இவள் உங்களோடு எப்படியெல்லாம் கதைத்தவள் என்று காட்ட என்னிடம் சாட்சி இருக்கிறது. சாட்சிதான் வாய் திறக்குதில்லை.

செப்டம்பர் 14

“இந்தப் பெட்டிக்கு உங்களப் புடிக்கல்ல போல. நீங்க வந்த புறகுதான் இந்த வருத்தம்” என்றேன். சிரிக்கவில்லை மனிசன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மாஷா அல்லாஹ்! திறந்துவிட்டது!

நளீர் நேற்றுக் காலையிலேயே கோமாரிக்குப் போய்விட்டார். அவருடைய கூடப்பிறந்த மூத்த காக்காவின் தென்னந்தோட்டத்தில் தேங்காய் பறிக்கிறார்களாம். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு முனாஸ் வந்தான். நளீரின் தங்கச்சி மகன், கல்முனை பஸாரில் கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவன். தட்டினான், தலையைச் சொறிந்தான், உள்ளே போய்த் தேதியைச் சரி செய்தான், எதையோ ஒன்றை மாற்றினான். பழைய திரை வந்தது. நான் வீட்டுக்குள் ஓடித் திரிந்தேன், ஏனென்று எனக்கே தெரியாது.

“மாமி, டிஸ்க் பழசு. கெதியா எல்லாத்தையும் கொப்பி எடுத்து வைங்க” என்றான்.

“ஓம் மகன், நாளைக்கே ஒரு பென் டிரைவ் வாங்குறன்.”

செப்டம்பர் 20, சனி

காலையிலும் முகம் கோணாமல் எழும்பியது. பென் டிரைவ் வாங்கப் போகவில்லை. எங்கே போவது? உட்கார்ந்தவள் உட்கார்ந்ததுதான், சோறு அடிப்பிடித்தது.

றுக்ஸானா பல் விழுந்த வாயோடு சூரா ஓதுகிறாள். றுக்ஸானா பெருநாள் சட்டையில் சுற்றிக் காட்டுகிறாள். பின்னால் எங்கள் பழைய பச்சைச் சுவர், இப்போது வெள்ளை அடித்துவிட்டோம். அந்த நாட்கள் எப்படி இருந்தன! மகரிபு தொழுததும் பிள்ளைக்கு முகம் கழுவி, பவுடர் பூசி, நானும் நல்ல முந்தானை போட்டுக்கொண்டு இந்தக் கதிரையில் வந்து இருப்போம். அவர் எப்போது எடுப்பார் என்று சொல்ல முடியாது. வேலை முடிய வேண்டும், வேலையாட்கள் தங்கும் காம்பில் லைன் கிடைக்க வேண்டும். எடுத்தாலும் படம் பாதியில் நின்றுபோகும். வாயைத் திறந்தபடி நிற்பார். “உம்மா, வாப்பா சிலையாயிட்டாரு!” என்று பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த அரைகுறைப் படத்துக்காக ஒரு நாள் முழுக்கக் காத்திருப்போம். இப்போது முழு மனிசன் ஹோலில் இருக்கிறார், நாங்கள் என்ன கதைக்கிறோம்? மீன் என்ன விலை என்று கதைக்கிறோம்.

பொழுதுபட வந்துவிட்டார். களைத்துப் போயிருந்தார். காலையில் இந்தக் கதிரையிலேயே இருத்திக் காட்டுவோம், கொப்பி எடுப்பதைப் பிறகு பார்க்கலாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எழும்பவில்லை. நீலத் திரை. ரிப்பேர் முடியாது. ரீஸ்டோர் முடியாது.

நான் என்ன மாடா? முனாஸ் அவ்வளவு சொல்லியும்— நேற்று முழுக்க என் கையில்தானே இருந்தது? வாய்விட்டு அழுதேன். “படந்தானே, விடு புள்ள” என்றார். படந்தானே! என்ன சொல்லிப்போட்டோம் என்று தெரியாமலே அவர் தொழப் போய்விட்டார்.

முனாஸுக்குப் போன் எடுத்தேன். “டிஸ்க் முடிஞ்சி போல மாமி. ஃபோர்மட் பண்ணித்தான் பாக்கணும்” என்றான். ஃபோர்மட் என்றால் எல்லாம் அழியும். தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

இதை ஆறுதலாக, நிதானமாக எழுத வேண்டும்.

லுஹர் தொழுகைக்கு முன், சும்மா ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ‘எஃப் வன்’ தட்டப் போன கையை நிறுத்திவிட்டு, இவ்வளவு நாளும் வாசிக்காத அந்த வரியை வாசித்தேன். தேதியும் நேரமும் இல்லையாம். உள்ளே போய்ப் பார்த்தால் 2010, ஜனவரி முதலாம் திகதி. முனாஸ் போன கிழமைதானே சரி செய்தவன்? வெள்ளியும் சனியும் நினைவிருந்த தேதி ஞாயிறு எப்படி மறந்தது? சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் இந்த வீட்டில் நடந்தது ஒன்றே ஒன்று. இவர் வந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார் மனிசன். தொப்பியைப் போட்டார். ஹோலில் டீவி சுவிட்சை நிப்பாட்டினார். அறைக்குள் வந்து ஃபேனை நிப்பாட்டினார். குனிந்து, மேசைக்கு அடியில் இருக்கும் கொம்பியூட்டர் சுவிட்சையும் நிப்பாட்டினார். டக், டக், டக். வந்த நாளில் இருந்து ஒவ்வொரு நாளும் வெளியே போகும்போதும் படுக்கப் போகும்போதும் இதைத்தான் செய்கிறார். கண்ணால் கண்டும் நான் காணவில்லை.

“ஏன் எல்லாத்தையும் நிப்பாட்டுறீங்க?”

“பழகிட்டுப் புள்ள. காம்புல ஒருக்கா பிளக்குல நெருப்புப் பத்தி ஒரு ரூமே எரிஞ்சி போச்சி. எங்கட ரூமுக்குப் பக்கத்து ரூம். அதோட சுவிட்ச நிப்பாட்டாம எனக்கு வெளிய கால் வைக்க ஏலா.”

இதை எனக்கு அவர் சொன்னதே இல்லை. எத்தனை நாள் படத்தில் முகம் பார்த்துக் கதைத்தோம், சொல்லவே இல்லை.

அவர் போனதும் முனாஸைப் போனில் பிடித்தேன். “சுவிட்ச நிப்பாட்டினா இது எப்பிடி மகன் தேதிய நினைவு வச்சிரிக்கும்?” என்று கேட்டேன்.

“அதுக்கு உள்ளுக்கு சின்னப் பற்றரி ஒண்டு இரிக்கி மாமி—” என்றவன் இடையில் கத்தினான். “அடடா! பற்றரி செத்திட்டு! கரண்ட் நிண்டா தேதியும் போகும், டிஸ்க்க எப்பிடி வாசிக்கிறெண்ட செட்டிங்கும் போகும். அதான் எழும்புதில்ல. டிஸ்க்குல ஒண்டுமில்ல மாமி!” பிறகு ஒரு கேள்வி கேட்டான். “பற்றரி எப்பயோ செத்திரிக்கும். இவ்வளவு நாளும் எப்பிடி ஓடின?”

எனக்குப் பதில் தெரியும். அந்தச் சுவிட்சை நான் நிப்பாட்டியதே இல்லை. அவர் எந்த நேரத்தில் எடுப்பாரோ என்று முதலில் திறந்து வைத்தேன். கைப்போனில் படம் வரத் தொடங்கிய பிறகும் கை அந்தச் சுவிட்சுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 26

முனாஸ் புதுப் பற்றரி போட்டான். பொத்தான் அளவு சாமான், இவ்வளவு அழவைத்தது. எழும்பிவிட்டது. முதல் வேலையாகக் கொப்பி எடுத்தேன். முனாஸிடமும் ஒன்று இருக்கிறது.

ஒக்டோபர் 3, வெள்ளி

ஜும்ஆ முடிந்து றுக்ஸானாவும் வந்தாள். மருமகனுக்குக் கடையில் வேலையாம். மூவருமாக அந்த மேசையைச் சுற்றி இருந்தோம்.

பல் விழுந்தது, சூரா ஓதியது, பெருநாள் சட்டை. நளீர் திரைக்குக் கிட்ட போய்க்கொண்டே இருந்தார். றுக்ஸானா வெட்கத்தில் “நிப்பாட்டுங்க உம்மா” என்றாள், ஆனால் எழும்பவில்லை.

பிறகு ஒரு மழை நாள். வெளியே இடி முழங்குகிறது. சின்ன றுக்ஸானா மேசைக்கு அடியில் குனிகிறாள். என் குரல் பின்னால் இருந்து அதட்டுகிறது: “சுவிட்ச நிப்பாட்டாத புள்ள! வாப்பா எடுப்பாரு!” பிள்ளை கெமராவுக்குள் முகத்தைப் போட்டுக்கொண்டு கோள் சொல்கிறாள்: “வாப்பா, இடி இடிச்சாலும் உம்மா இத நிப்பாட்ட மாட்டா. நீங்க எடுங்க என்ன? நான் தூங்காம இரிக்கன்.”

இது இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

“அண்டைக்கி நான் எடுத்தனா?” என்று கேட்டார்.

“நினைவில்ல வாப்பா” என்றாள் றுக்ஸானா. “நான் தூங்கியிரிப்பன்.”

திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இந்த முறை அவள் வாப்பாவின் தோளில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

ஒக்டோபர் 6, திங்கள்

காலையில் போன் அடித்தது. றுக்ஸானா. எனக்கில்லை, வாப்பாவுக்கு எடுத்திருந்தாள். “எத்தின மணிக்கு வாறீங்க வாப்பா?” என்று கேட்டது அறை வரைக்கும் கேட்டது.

சம்மாந்துறைக்குப் புறப்பட்டோம். வழக்கம்போல வீடு முழுக்கச் சுற்றினார். டீவி, ஃபேன், குசினியில் கிரைண்டர். டக், டக், டக். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அறைக்குள் கொம்பியூட்டரின் சின்னச் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது.

“அத மறந்திட்டீங்க” என்றேன். “புதுப் பற்றரி போட்டாச்சி. இனி நிப்பாட்டினாலும் ஒண்டும் ஆகா.”

“தெரியும் புள்ள” என்றார். “அது கிடக்கட்டும்.”

கதவைப் பூட்டிச் சாவியை என் கையில் தந்தார்.