உங்கள் கம்பளிக் கோட்டு

என் வீட்டுக்காரருக்கு,

பிளம் மரங்கள் பூத்துவிட்டன, இனி குளிர் வராது என்று நம்பி ஆடுகளுக்குக் கம்பளி கத்தரித்துவிட்டேன். மறுநாளே பனி கொட்டியது, மே மாதத்தில்!

பக்கத்துப் பண்ணை தோதர் வேலியருகே நின்று சிரித்தார்.

"அவசரக்குடுக்கை! எல்லாத்தையும் எனக்கு வித்துட்டு இத்தாலிக்குப் போய்ப் புருஷனோட இரும்மா."

"ஒரு ஆட்டைக்கூடச் சாகவிட மாட்டேன். வழியை விடுங்க."

துணிப்பெட்டியைத் திறந்து உங்கள் ஸ்வெட்டர், சட்டை எல்லாவற்றையும் ஆடுகளுக்கு மாட்டினேன். மூன்று நாள் பனி. ஒன்றுகூடச் சாகவில்லை.

வரும் குளிர்காலத்துக்கும் ஊருக்கு வரமாட்டேன் என்று நீங்கள் நேராக எழுதவில்லை; கம்பளிக் கோட்டை அனுப்பு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதை நம் முட்டுக்கிடா போட்டிருக்கிறது. என்னைக் கிட்டவே விடமாட்டேன் என்கிறது. வேண்டுமானால் நீங்களே வந்து கழற்றிக்கொள்ளுங்கள்.

இங்கேயே இருக்கும்,
உங்கள் மனைவி