வட்டி தள்ளுபடி

பீர்மேடு, சனிக்கிழமை இரவு.

நான் நர்சிங் படிக்க வாங்கிய கடனை ஒரே தவணையில் அடைத்தால் வட்டி தள்ளுபடியாம். வங்கியில் சொன்னதை அப்பாவிடம் உளறாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும், தொழிலாளிகளுக்கு என்று கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தால்தான் எஸ்டேட்டில் அவருக்குக் கிராஜுவிட்டி கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் என் கடனை அடைக்க, இன்று என்னைக் கேட்காமலேயே காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்.

"இனி எங்கப்பா இருப்பீங்க?"

"ஒங்கூடத்தான். கொச்சில வேல பாக்குறேல்ல?"

கொச்சியில் எனக்கென்று இருப்பது ஹாஸ்டலில் ஒரு கட்டில். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா கேட்டாள், "அங்க கோழி வளக்க எடம் இருக்காடி?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம், எந்தக் கோழியை விற்பது, எதைக் கொண்டுபோவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.