கோப்பித் தூளும் பாக்கியத்தின் காலும்

திங்கள்
காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. பை-பாஸ் முடிந்து கோலாலம்பூரிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, நேற்றுத்தான் பாக்கியம் அசந்து தூங்கினாள். பிரஷர் பரவாயில்லை. ரத்தத்தில் இனிப்புநீர், அதான் சர்க்கரை, கொஞ்சம் கூடுதல். நெஞ்சுத் தையல் காய்ந்துவிட்டது. இருமும்போது தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள், பிடிக்கிறாள். சமையல் நான்தான். காலமெல்லாம் தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டியவனுக்கு ரசம் மட்டும் பிடிபடவில்லை.

"இது ரசமா, லாரி கழுவின தண்ணியா?"

பொண்டாட்டி பிழைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு முனியம்மா. "நெஞ்சையே தொறந்துட்டாங்களாமே, காட்டு!" வருகிற எல்லோருக்கும் நெஞ்சைத்தான் பார்க்க வேண்டும்.

செவ்வாய்
வெயில். கட்டில் பக்கம் கோப்பி வாசனை. டாக்டர் குறைக்கச் சொன்ன சாமான்.

"எனக்குத் தெரியாம பால் ஊத்தாத கோப்பி ஓ கலக்கிக் குடிச்சியா?"

"சாமி சத்தியமா இல்லங்க."

கட்டிலுக்கடியில் தேடினேன், ஜன்னலில் தேடினேன். குவளை இல்லை. பொய் சொல்கிறாளே என்று கோபம்.

புதன்
அவள் சாரோங் ஓரத்தில் பழுப்புக் கறை. தூக்கிப் பார்த்தேன். ஐயோ! நெஞ்சில் வைக்க ரத்தக்குழாய் எடுத்த கால். கணுக்காலுக்கு மேலே தையல் விட்டுச் சீழ். அதன் மேல் கோப்பித் தூளை அப்பி வைத்திருக்கிறாள்.

"தோட்டத்துல அருவா பட்டா, முள்ளு குத்தினா இதானே போடுவோம்? ஆறிடும்லா."

"அது தோட்டத்துக் காயம்டி! இது ஆபரேஷன் பண்ண காயம்!"

கத்தியிருக்கக் கூடாது. அழுதால் அவளுக்கு நெஞ்சு குலுங்கி வலிக்கிறது.

சிரம்பான் ஆஸ்பத்திரி. மகள் கோமதி வேலையிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள். காயத்தைக் கழுவிய தமிழ் நர்ஸ் மிசி, "ஆன்ட்டி, கோப்பி குடிக்கத்தான், கால்ல பூச இல்ல" என்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. கிருமி நெஞ்செலும்புவரை போயிருந்தால் மறுபடி திறக்க வேண்டி வரலாமாம். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன். மாத்திரை. காய்ச்சல் வந்தால் உடனே கொண்டு வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பயமாக இருக்கிறது. வேறு எதுவும் எழுத வரவில்லை.

வியாழன்
மேகமூட்டம். அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

"மாட்டைத் தடவுற மாதிரி தடவாதீங்க!"

காய்ச்சல் இல்லை. வாங்க வேண்டியது: கட்டுப்போடக் காஸ் துணி, பிளாஸ்டர், பப்பாளி, உப்பில்லாத பிஸ்கட். கோப்பித் தூள் டின்னை முனியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்கும் கோப்பி இல்லை. தலைவலி.

வெள்ளி
ஆஸ்பத்திரியிலிருந்து போன். நெஞ்சில் கிருமி இல்லை. காலில் மட்டும்தானாம், மாத்திரைக்குக் கேட்குமாம். முருகா!

அடுத்த மாதம், செவ்வாய்
நல்ல வெயில். இத்தனை நாள் எழுத நேரமில்லை. தினமும் கிளினிக், தினமும் கட்டு. இன்றைக்கு மிசி பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, "மூடிக்கிச்சு அங்கிள், இனிமே கட்டு வேணாம்" என்றாள். புதுத் தோல், இளஞ்சிவப்பு. பாக்கியம் என் கையைப் பிடிக்காமல் கார்வரை நடந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கோலா சாவா ஊர் வந்ததும் அவளாகவே:

"சாவுக்குப் பயந்து கால மறைக்கலங்க."

"பின்ன?"

"ஆபரேஷன் அன்னைக்கு நீங்க வெளிய உக்காந்து சின்னப்புள்ள மாதிரி அழுதீங்களாமே. கோமதி சொன்னா. திரும்பவும் உள்ள படுக்க வச்சுட்டா, நீங்க தனியா அழுவீங்களேன்னுதான்."

காரை ஓரமாக நிறுத்தினேன். அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

"இப்ப பக்கத்துலதானே இருக்கேன்" என்றாள். "அழுங்க."