மண்டைக்காட்டு மேடையில் நீ அழுதது

அக்கா,

பக்கத்து வீட்டுச் சிறுமி பள்ளி நாடகத்துக்குப் பூசிய அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. உன்மேல் இல்லை, இந்த ஊர்மேல்.

நாடு விடுதலையான சமயம் நான் நம் நாடகக் கம்பெனியில் சேர்ந்தேன். எனக்கு வாயாடி வேலைக்காரி வேஷம். உனக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வேஷம். நான் சிரிக்கவைத்த கூட்டத்தை நீ வந்து அழவைப்பாய். பிறகு மெட்ராஸ் போய் ஒரே ஒரு படத்தில் தலைகாட்டினாய். அதிலும் செத்த பிள்ளையை மடியில் போட்டு அழுகிறவள்தான். கதாநாயகி வேஷம் கேட்டாயாம். "அழுகைதாம்மா ஒன் முகத்துக்குப் பொருந்துது" என்று அனுப்பிவிட்டார்களாம். நாகர்கோவிலில் அந்தப் படம் ஓடியபின் நம் நோட்டீசில் உன் பெயருக்கு முன்னால் 'சினிமாப் புகழ்' ஏறியது.

குளச்சலில் கொட்டகை போட்டிருந்தபோது தந்தி வந்தது. உன் அண்ணன் வீட்டில் நீ விட்டிருந்த உன் ஒரே மகன் காய்ச்சலில் போய்விட்டான். உன்னோடு நானும் வந்தேன். வாசலிலேயே விழுந்து மாரில் அடித்துக்கொண்டு கதறினாய். கூடி நின்ற பெண்களில் ஒருத்தி அடுத்தவளிடம் சொன்னாள்: "படத்துல அழுதது இதவிட நல்லா இருந்து, கேட்டியா?" அவளைக்கூடப் பொறுக்கலாம். உன் அண்ணன் வந்து, "நடிச்சது போதும், எழும்பு" என்றார். சட்டென்று நிறுத்திக்கொண்டாய். பிள்ளையைத் தூக்கும்வரை வாய் திறக்கவில்லை. அதற்கும் அதே பெண்கள், "பெத்தவளுக்க கண்ணுல ஒரு சொட்டு உண்டுமா பாரு" என்றார்கள். அழுதாலும் குற்றம், அழாவிட்டாலும் குற்றம். அவளுக நாக்கு அழுகிப் போக!

பதினாறாம் நாள் காரியம் கழியுமுன்னே மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் நமக்கு நாடகம். நீ அழும் காட்சியை மட்டும் விட்டுவிடும்படி முதலாளியிடம் கெஞ்சினேன். "அதப் பாக்கத்தானே ஆளு வருது" என்றார். நீ மேடையேறினாய். பிள்ளை வேஷத்தில் பிணமாகக் கிடந்த பையனை மடியில் வாரிப்போட்டு, பாட்டை விட்டுவிட்டு, உன் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதாய். ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். கூட்டம் என்ன செய்தது? கைதட்டி, "ஒன்ஸ் மோர்!" என்று கூவியது. கேட்டால் செய்தாக வேண்டும், அதுதானே நம் தொழில். எழுந்து நின்ற பையன் திரும்பப் படுத்துக்கொண்டான். நீ மறுபடி அழுதாய். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அழுதாய்.

திரை விழுந்ததும் உன் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன்க்கா போன? மாட்டேன்னு சொல்லப்பிடாதா?"

"ஏட்டி, இங்கயாவது என்ன அழ விடுதானுவல்லா" என்றாய்.

அதன்பிறகு ஊர் ஊராக அந்தக் காட்சிக்கென்றே உன்னைக் கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் மகனைச் சாகக்கொடுத்தாய். நெஞ்சு நோவு வந்து குரல் போனதும் ஒருவனும் கூப்பிடவில்லை. நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்து, தெருவெல்லாம் வெடி போட்ட அன்று நீ கண்ணை மூடினாய். சினிமாக்காரி முகத்தைப் பார்க்க அன்றும் கூட்டம் வந்தது. உன் தலைமாட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை ஒருத்தி இடித்தாள்.

"நீயும் நாடகக்காரிதானே மக்கா, ஒரு பாட்டு சொல்லி அழப்பிடாதா?"

உனக்காக அழ வேண்டியது முழுசும் இன்னும் என் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது, அக்கா. இவர்களுக்குக் காட்டமாட்டேன்.