சூட்டோடு சுருட்டணும்

9 ஜூலை 1979, திங்கள்

கிளி விரட்டியே காலை போனது. சொர்ணவாரி நெல் பால் பிடித்துவிட்டால் பொன்னேரிப் பக்கத்து ஆரணியைச் சுற்றியுள்ள கிளியெல்லாம் என் வயலுக்குத்தான் வரும்.

சாயங்காலம் இவர் கும்மிடிப்பூண்டியில் இருந்து வந்ததும் சைக்கிளை நிறுத்தக்கூட விடாமல் கேட்டேன், மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று. மாப்பிள்ளை தானியேலும் இவரும் ஒரே கம்பெனி. இவர் இரும்புத் தகடு வளைக்கிற இடம், அவர் வெல்டிங். பச்சையம்மாவுக்கு இது ஏழாம் மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? ஆவணி பிறந்ததும் வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். இரண்டு வருஷத்தில் நான் மகளுக்கு அனுப்பிய முதல் வார்த்தை அது.

இவர் ஒரு செம்பு தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்து, அப்புறம்தான் வாயைத் திறந்தார். மகாராணி சொன்னது இது:

“எங்க அத்த கண்ணாலத்துக்கு செஞ்சாங்களே, சுருட்டுன கேக்கு, அத செஞ்சி எடுத்துக்கினு வரட்டும். அம்மா கையால. கடையில வாங்குனா எனக்குத் தெரியும். எடுத்துக்கினு வந்தா வரேன். இல்லாங்காட்டி இங்கயே பெத்துக்கறேன்.”

கொழுப்பைப் பார். பெத்தவளுக்கே நிபந்தனை. இதில் இவருக்குச் சிரிப்பு வேறு.

10 ஜூலை, செவ்வாய்

இந்த டைரி கம்பெனியில் இவருக்குக் கொடுத்தது. இவர் ஒரு எழுத்து எழுதமாட்டார். எட்டாவது வரை படித்த நான்தான் எழுதுகிறேன். என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் உள்ளதை எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருஷம் முன்பு, மீஞ்சூர். மாதா கோயிலில் மகள் கல்யாணம் முடிந்து பந்தல். பையனின் அம்மா ஞானம்மா, மெட்ராஸில் ஒரு டாக்டர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவள், தானே செய்த கேக்கை ஒரு துண்டு வெட்டி, நீல விளிம்பு போட்ட பீங்கான் தட்டில் வைத்து என் கையில் கொடுத்தாள். வட்டமாக, நடுவில் சிவப்பாக ஜாம் சுற்றிச் சுற்றிப் போயிருந்தது. நான் முட்டை வாடை என்று சொல்லி நாற்காலிக்குக் கீழே வைத்தேன். தினம் மீன் குழம்பு தின்கிறவளுக்கு முட்டை வாடையாம்! காக்கை வந்து கொத்திக்கொண்டு போனது. ஞானம்மா வந்து குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மாலையும் கழுத்துமாக என் மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கோபம் கேக்கின் மேலா? என்னைக் கேட்காமல் மகள் தானே மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டாளே, அந்தக் கோபம். அதை அந்த அம்மாள் தட்டின் மேல் காட்டினேன். அசிங்கம்தான்.

சரி. சுருட்டின கேக்குதானே? செய்கிறேன்.

14 ஜூலை, சனி

பொன்னேரி பேக்கரிக்குப் போனேன். ராஜமாணிக்கம் என்று பேர், மாவு மூட்டை மாதிரி ஆள். முதலில் சிரித்தார். நான் நகராமல் நின்றதால் சொல்லிக் கொடுத்தார். முட்டையையும் சர்க்கரையையும் வெள்ளையாகப் பொங்கி வரும் வரை அடிக்கணும். மைதாவைத் தூவி, நுரை உடையாமல் கிளறணும். அகலத் தட்டில் மெல்லிசாக ஊற்றி வேகவைக்கணும். எண்ணெய், வெண்ணெய் ஒன்றும் வேண்டாம். அப்புறம் சுருட்டணும்.

எப்படிச் சுருட்டுவது என்று கேட்டேன். அதற்குள் ரொட்டி கருகுகிறது என்று உள்ளே ஓடிவிட்டார். பாய் சுருட்டத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா என்று நானும் கிளம்பிவிட்டேன்.

15 ஜூலை, ஞாயிறு

நம் வீட்டில் ஏது பேக்கரி அடுப்பு? இவர் கம்பெனியில் கழித்துப் போட்ட தகட்டில் ஒரு பெட்டியும், அதற்குள் போகிற மாதிரி அகலத் தட்டும் செய்து எடுத்து வந்தார். பெட்டிக்குக் கீழேயும் மேலேயும் கரி நெருப்பு. நல்ல கைவேலை, குறை சொல்லக்கூடாது.

முட்டை ஆறு, எல்லாம் நம் கோழி போட்டது. மோர் மத்தால் ஒரு மணி நேரம் கடைந்தேன். தோள்பட்டை கழன்று போச்சு. ஆனால் பொங்கியது! வெந்தும் வந்தது. வாயில் போட்ட இவர் முகம் மாறிவிட்டது. துப்பவும் பயம், முழுங்கவும் முடியவில்லை. “மிஷின் ஆயில்” என்றார். தகடு துருப் பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் எண்ணெய் பூசுவார்களாம். இதை முதலிலேயே சொல்லவேண்டாமா?

ஆறு முட்டையும் குப்பைக்குழியில். நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

16 ஜூலை, திங்கள்

தட்டைச் சீயக்காய் போட்டு நான்கு தரம் தேய்த்தேன். இன்னும் வாசனை அடிக்கிறது. புளி போட்டுத் தேய்த்தேன்.

22 ஜூலை, ஞாயிறு

எண்ணெய் வாடை போய்விட்டது. வெந்து வந்தது பார், பஞ்சு மாதிரி. நன்றாக ஆறட்டும் என்று முறத்தில் வைத்தேன். எதையும் ஆறவைத்துத்தானே எடுப்போம்? ஆறின பிறகு நேற்று செய்து வைத்த மாம்பழ ஜாமைத் தடவி ஒரு ஓரத்தை மடித்தேன். படக். இன்னொரு மடிப்பு. படக். கோடையில் ஏரி வெடித்த மாதிரி மூன்று துண்டு.

ருசி பிரமாதம் என்கிறார் இவர். துண்டு துண்டாகத் தின்று தீர்த்தார். நான் வாயில் வைக்கவில்லை. எனக்கு எதற்கு?

29 ஜூலை, ஞாயிறு

மறுபடி உடைந்தது. மாவைக் குறைத்துப் பார்த்தேன், மெல்லிசாக ஊற்றிப் பார்த்தேன், ஆற இன்னும் அதிக நேரம் கொடுத்தேன். இந்தத் தரம் நான்கு துண்டு. மேலே கருக ஆரம்பித்துவிட்டது வேறு.

அழுதேன். எழுதிவைக்க வெட்கம் என்ன, அழுதேன். கம்பெனி எட்டு மணி சங்கு மாதிரி என்று இவர் கிண்டல் பண்ணினார். கரண்டியைத் தூக்கிக் காட்டினதும் அடங்கிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த உடைந்த ஓரத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இன்னாடி இது, ஆறவெச்சிட்டு வளைக்கிற? தடிச்ச தகட்ட நாங்க பழுக்கக் காச்சி, அந்த சூட்டோடதான் உருளையில உடுவோம். ஆறிட்டா வெடிச்சிபுடும்.”

கேக்கும் இரும்பும் ஒன்றா என்று சண்டை போட்டேன். அவர் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

1 ஆகஸ்ட், புதன்

கேக்கும் இரும்பும் ஒன்றாக இருந்தால்?

5 ஆகஸ்ட், ஞாயிறு

சூட்டோடு எடுத்தேன். அடுப்பிலிருந்து எடுத்த கேக்கை எதன் மேல் கவிழ்ப்பது? அவசரத்தில் இவர் படித்துவிட்டுப் போட்ட பேப்பர் மேல் கவிழ்த்தேன். சுருட்டினேன். உடையவில்லை! அய்யோ, உடையவே இல்லை! ஆனால் பிரித்தால் பேப்பர் வரமாட்டேன் என்கிறது. உரித்து எடுத்த இடத்தில் பாதி கேக் போய்விட்டது. மீதியில் அரிசி விலைச் செய்தி தலைகீழாக அச்சாகி இருந்தது.

இவர் அதை வாசித்துக்கொண்டே தின்றார். மனுஷன்.

இவர் சொன்னது சரி. இதை அவரிடம் சொல்லப்போவதில்லை.

6 ஆகஸ்ட், திங்கள்

காலையில் இட்லித் தட்டை எடுத்துத் துணியோடு கவிழ்த்தேன். துணியின் முதுகில் தண்ணீர் தெளித்தேன். துணியை உரித்தேன். ஒட்டாமல் வந்தது. இருபத்தைந்து வருஷமாக தினம் செய்கிற காரியம். கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். சட்னி எங்கே என்று இவர் நான்கு தரம் கேட்டாராம்.

ஏன் கனகாம்பாள், உனக்கு அறிவு இருக்கிறதா?

7 ஆகஸ்ட், செவ்வாய்

ஞாயிறு வரை பொறுக்கவேண்டும். இரண்டு கோழி அடைகாக்க உட்கார்ந்துவிட்டன. முட்டை நான்குதான் சேர்ந்திருக்கிறது.

12 ஆகஸ்ட், ஞாயிறு

இட்லித் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, மேலே சர்க்கரை தூவினேன். கொதிக்கக் கொதிக்கக் கவிழ்த்தேன். துணியோடு சேர்த்தே சுருட்டினேன். விரல் நுனி வெந்தது. வேகட்டும். துணிக்குள்ளேயே ஆறவிட்டு, பிரித்து, ஜாம் தடவி, மறுபடி அதே மடிப்பில் சுருட்டினேன். அது தானாக வந்து படுத்துக்கொண்டது.

வந்துவிட்டது. முழுசாக. ஒரு வெடிப்பு இல்லை.

இவர் ஒரு துண்டு வெட்டி என் வாய்க்கிட்டே கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். முதல் துண்டு அங்கே போய்த்தான்.

17 ஆகஸ்ட், வெள்ளி

ஆவணி பிறக்கிற நேரம். அடுத்த ஞாயிறு அல்ல, அதற்கு அடுத்தது, 26 வருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினேன். பதில் ஒன்றும் வரவில்லை. வராவிட்டால் என்ன, போகத்தான் போகிறேன்.

26 ஆகஸ்ட், ஞாயிறு

விடியும்போதே கேக் செய்து, இவர் அதற்கென்று செய்து கொடுத்த மூடி போட்ட டப்பாவில் வைத்து, கவரைப்பேட்டையில் ரயில் ஏறினோம். நல்ல கூட்டம். பொன்னேரியில் ஏறின ஒரு ஆள் கூடையோடு என் மேல் சாய்ந்தான். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மீஞ்சூரில் இறங்கித் திறந்து பார்த்தால், ஓரத்தில் நீளமாக ஒரு வெடிப்பு.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் போய் இன்னொன்று செய்து அடுத்த வாரம் வரலாமா என்றார் இவர். அடுத்த வாரம் எனக்குத் தைரியம் இருக்கும் என்று யார் சொன்னது? எழுந்து நடந்தேன்.

கதவைத் திறந்தது ஞானம்மா. “வாங்க சம்பந்தி” என்றாள். பச்சையம்மா உள்ளே கட்டிலில். என்ன வயிறு! என்ன வீங்கின கால்! எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்க்காமல் டப்பாவைப் பார்த்தாள்.

ஞானம்மா கேக்கை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலெல்லாம் நூல் நூலாகத் துணியின் தடம். “இட்லித் துணியா?” என்றாள். ஆமாம் என்றேன். சிரித்துவிட்டாள். அப்புறம் கேக்கைத் திருப்பி, வெடிப்பு அடியில் போகிற மாதிரி வைத்தாள். “எனக்கும் வெடிப்பு ஒண்ணு வுழும், சம்பந்தி. கீழ தள்ளி வெச்சிடுவேன்.”

மகள் வந்து கத்தியை எடுத்தாள். ஒரு துண்டு வெட்டினாள். நீல விளிம்புத் தட்டில் வைத்தாள். அதே தட்டு. எனக்குத் தெரியாதா? தான் தின்னவில்லை, என்னிடமும் கொடுக்கவில்லை. மாமியார் பக்கம் நீட்டினாள். அந்த அம்மாள் வாங்கத் தயங்கினாள்.

“நீங்களே குடுங்க அத்த,” என்றாள்.

ஞானம்மா கொடுத்தாள். வாங்கினேன். நின்றபடியே தின்றேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் முதல் தரம் என் வாயில் படுகிறது. ஒரு முட்டை வாடையும் இல்லை. மாம்பழ வாசனைதான். “அன்னிக்கி நான் பண்ணது தப்பு, சம்பந்தி,” என்றேன். இவ்வளவுதான் வந்தது. வழியெல்லாம் பெரிசாக என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன்.

“காக்கா நல்லாத்தான் சாப்டுச்சி,” என்றாள் ஞானம்மா.

முதலில் சிரித்தது இவர். அப்புறம் மாப்பிள்ளை. அப்புறம் என் மகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவள் சிரித்து நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

காப்பி குடித்ததும், துணிமணி எடுத்துவைக்க எத்தனை நேரம் ஆகும், ராகுகாலத்துக்கு முன்னே கிளம்பணுமே என்று மகளைக் கேட்டேன். அவள் குனிய முடியாமல் கட்டிலுக்கு அடியில் காலை விட்டு இழுத்தாள். டிரங்குப் பெட்டி நகர்ந்து வெளியே வந்தது. பூட்டியிருந்தது.

“ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே கட்டி வெச்சிட்டா,” என்றாள் ஞானம்மா.

ஆடிக்கு முன்னால் என்றால் நான் மிஷின் ஆயில் கேக் செய்த நாள். கேக் வந்தாலும் வராவிட்டாலும் நான் போயிருந்தால் போதுமா, அப்போ? கேட்கவில்லை. பெட்டியை இவர் தூக்கிக்கொண்டார். மகளின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

24 செப்டம்பர், திங்கள்

பெண் குழந்தை. விடியற்காலை நான்கு மணி பத்து நிமிஷம். ஆறு பவுண்டு. இரண்டு பேரும் நலம். ஞானம்மா மூக்கு, என் வாய். பாவம்.

14 அக்டோபர், ஞாயிறு

சம்பந்தி வந்து பத்து நாள் ஆகிறது. குழந்தைக்குப் பேர் வைக்கிற நாளுக்கு ஒத்திகை என்று இரண்டு பேரும் சேர்ந்து கேக் சுட்டோம். அவள் ஒன்று, நான் ஒன்று. அவள் கொஞ்சம் ஆறட்டும் என்கிறாள். நான் சூட்டோடு சுருட்டணும் என்கிறேன். இவர் என் கட்சி, மாப்பிள்ளை அவர் அம்மா கட்சி. பச்சையம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, சத்தம் போடாதீர்கள், தூங்குகிறாள் என்று இரண்டு பேரையும் அதட்டினாள்.

வீட்டில் இருந்த இட்லித் துணி இரண்டிலும் ஜாம். நாளைக் காலை தோசைதான்.