கோடுகள் சமமாகத்தான் நின்றன, அண்ணி

தோழியாய் வந்து அண்ணியாகிப்போன என் தேவிக்கு,

ஆய்வகத்தில் உன்னை 'வாடி, போடி' என்றுதான் கூப்பிட்டேன். நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு திருவொற்றியூர் வீட்டுக்கு வந்த பிறகு வேண்டுமென்றே 'அண்ணி' என்பேன். "இன்னொரு வாட்டி அண்ணின்னு கூப்டு, அறஞ்சுடுவேன்" என்பாய். இப்போது அறைய ஆளில்லை.

நம் சோதனை முடிந்துவிட்டது, அண்ணி. நீ போன பிறகுதான் துகள் முடுக்கியில் நமக்கு இடம் கொடுத்தார்கள். இருவருமாகப் போக நினைத்த ஊருக்கு நான் மட்டும் ரயிலேறினேன். எதிரில் இருந்த குடும்பம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் நீட்டியது. வாங்கிக்கொண்டேன். சாப்பிட முடியவில்லை.

நம் சண்டை நினைவிருக்கிறதா? ஓர் அணுக்கரு, அதற்குள் நூற்றைம்பதுக்கும் மேலான துகள்கள். ஒவ்வொன்றும் மற்றதை இழுக்கிறது, தள்ளுகிறது. அதிலிருந்து வரும் காமா கதிர்களின் ஆற்றலை வரைபடமாக்கினால் கோடுகள் கண்டபடிதான் விழும் என்றேன். நம் பேராசிரியரும் அதையே சொன்னார். நீ மட்டும் மசியவில்லை.

"எல்லாம் சேந்து ஒரே உடம்பா சுத்தும்டி. சுத்துனா கோடுங்க சமமா தள்ளித் தள்ளி நிக்கும், பாரேன்." மருத்துவமனையில், மருந்து ஏறிக்கொண்டிருந்த கையை ஆட்டி ஆட்டி இதையேதான் சொன்னாய். அத்தனை உறுதி உனக்கு எங்கிருந்து வந்தது?

திரையில் முதல் கோடு எழுந்தது. சற்றுத் தள்ளி இரண்டாவது. அதே அளவு தள்ளி மூன்றாவது. நான்காவது எங்கே வரும் என்று விரல் வைத்துக் காத்திருந்தேன். விரலுக்கு நேர் கீழே வந்தது. அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் வெளியே வந்து, யோசிக்காமல் உன் எண்ணுக்கு அடித்துவிட்டேன்.

அண்ணன் எடுத்தான். உன் போனை அவன்தான் வைத்திருக்கிறான். காசிமேட்டில் ஏதோ ஒரு விசைப்படகின் இன்ஜினை ஓடவிட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான் போலும், ஒரே இரைச்சல்.

"சொல்லும்மா. இன்னாத்துக்கு அழுவுற?"

"அண்ணே, அவ சொன்ன மாதிரியே வந்துடுச்சு."

"இன்னா வந்துச்சு?"

"அவ்ளோ துகளும் ஒண்ணா சுத்துதுண்ணே. யாரும் சொல்லல. அதுங்களாவே சுத்துது."

இரைச்சல் நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டான்.

"அப்ப அவ ஜெயிச்சுட்டாளா?"

"ஆமாண்ணே."

பிறகு கேட்டான். "அவகிட்ட சொல்ட்டியா?"

"சொல்றேன்" என்றேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். நானும் நன்றி சொல்கிறேன். ஆனால், "நான் தோத்துட்டேன்டி" என்று எவளிடம் போய்ச் சொல்வேன்? அதைக் கேட்டதும் நீ சிரிக்கும் சிரிப்புக்காகவே தோற்கலாம். நீ இருந்த நாற்காலியில் இப்போது புதிதாய்ச் சேர்ந்த பெண் உட்காருகிறாள். நல்ல பெண். என்னிடம் சண்டையே போடமாட்டேன் என்கிறாள்.

அத்தனை சிக்கலுக்குள்ளிருந்து இவ்வளவு எளிமையான ஒன்று ஏன் வரவேண்டும்? இன்னும் முழுசாகப் புரியவில்லை. அந்தக் கேள்வியை நான் விடமாட்டேன். அண்ணனையும் விடமாட்டேன். ஞாயிறுதோறும் போய் அவன் வைக்கும் மீன் குழம்பைச் சாப்பிடுகிறேன். வாயில் வைக்க முடியாத உப்பு. நன்றாயிருக்கிறது என்றே சொல்லிவருகிறேன், இனியும் சொல்வேன்.

தோற்றுப்போன உன் நாத்தனார்,
கலை