கல்யாணப் போட்டோவில் குளவிக் கூடு

விம்பர்லிகஞ்ச்,
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்பு மகள் உதயாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளை ஹரிஹரனும் புனே வெயிலில் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை. போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று நான் பேச வேண்டியதை எல்லாம் அவளே பேசிவிடுகிறாள், அதனால்தான்.

இங்கே தீவில் கோடை முற்றிவிட்டது. குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை, ஆனால் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. பாக்குத் தோப்பில் சில்வண்டுகள் ஆரம்பித்தால் ரேடியோ போட்டும் பிரயோசனம் இல்லை. வாழைத்தாரில் இருந்த பச்சைப் பல்லி சமையலறைக்கே குடிவந்துவிட்டது. நான் டீ குடித்து வைத்த டம்ளருக்குள் தலையை விட்டு அடிச்சர்க்கரையை நக்குகிறது, எனக்குச் சர்க்கரை ஆகாது என்று டாக்டர் சொன்னது அதற்கும் தெரியும் போல. சங்கைச் சுமந்து திரியும் நண்டுகள் சாயங்காலமானால் துவைக்கிற கல்லுக்கு அடியில் ஈரம் தேடி வருகின்றன. அம்மா துடைப்பத்தோடு போய் ஹிந்தியில் விரட்டுகிறாள், தமிழில் சொன்னால் இந்த ஊர் நண்டுக்குப் புரியாதாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹாலில் மாட்டியிருக்கும் உங்கள் கல்யாணப் போட்டோவின் சட்டத்தில் மாத ஆரம்பத்தில் ஒரு குளவி மண்கூடு கட்டியது. குழாயடிச் சேற்றை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து பூசும், பிறகு பச்சைப் புழுவைத் தூக்கி வந்து உள்ளே திணித்து வாயை அடைக்கும். பிறக்கப்போகும் குஞ்சுக்கு முன்கூட்டியே சாப்பாடு கட்டி வைக்கிற அந்தச் சாமர்த்தியத்தை நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். உன் அம்மாவுக்கு அது வேறாகத் தெரிந்தது. வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டுப் பெண் உண்டாவாள் என்று நம் பக்கம் சொல்வார்களே, அதுதான். உடனே ஒட்டடைக் கம்புக்குத் தடை, ஃபேனுக்கும் தடை, நான் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பத்துபஸ்தியிலிருந்து ஜெயராணி சித்தி வந்தாள். போன தடவை நீ வந்தபோது, கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் ஏன் இன்னும் குழந்தை இல்லை, எந்த டாக்டரைப் பார்க்கிறாய் என்று சாப்பிட விடாமல் குடைந்தாளே, அதே சித்திதான். அன்றைக்கு லீவு முடியும் முன்பே கிளம்பிய நீ, அதற்குப் பிறகு லீவே கிடைக்கவில்லை என்கிறாய். காரணம் லீவு இல்லை என்று எங்களுக்குத் தெரியும். சித்தி கூட்டைப் பார்த்த மறுநாளே ஷாதிபூர், மரைன் ஹில் வரைக்கும் சேதி போய், வாழ்த்துச் சொல்லப் போன் மேல் போன். உனக்கும் யாராவது செய்திருப்பார்களோ என்றுதான் என் கவலை.

நேற்றுக் காலை கூட்டில் ஓட்டை விழுந்து புதுக் குளவி வெளியே வந்தது. ஜன்னல் கம்பியில் கொஞ்ச நேரம் சிறகை உலர்த்திவிட்டுப் பறந்துபோனது. மறுபடி வந்திருந்த சித்தி, "குளவியே பொறந்து பறந்துருச்சு, உன் பொண்ணு சேதி எப்பக்கா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, "அது அதோட பிள்ளைக்குக் கட்டுன கூடு ஜெயராணி. இதைக் கேட்டுக் கேட்டுத்தான் எம்பொண்ணு வீட்டுப் பக்கமே வராம இருக்கா. போதும், இனி இந்த வீட்டுல யாரும் கேக்கக் கூடாது, நானுந்தான்" என்று சொல்லிவிட்டு ஃபேனைப் போட்டாள். சித்தி டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். பிறகு அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். எதற்கு அழுகிறாய் என்றேன். பிள்ளையைப் பார்த்து ரெண்டு வருசமாச்சே என்றாள்.

மழை பிடிப்பதற்குள் வாம்மா. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் நீ மட்டுமாவது வா. ஃப்ளைட் விலை ஏறுவதற்குள் டிக்கெட் போட மறக்காதே. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீங்கள் இருவரும் நிறைவாக வாழ எங்கள் மனமார்ந்த ஆசி. குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் எங்களுக்கு நீ போதும் உதயா. இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், அதற்கு இவ்வளவு தாள் தேவைப்பட்டுவிட்டது.

உன் வழி பார்த்திருக்கும் அப்பா,
பொன்னுத்துரை